உலையில் குறையும் எடைக்கும் வரி கட்ட வேண்டுமா? மதுரைப் பட்டறைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கப்பலூர், கே.புதூர், உறங்கான்பட்டி தொழிற்பேட்டைகளில் சிறு பட்டறை நடத்துகிறவர்கள் ஜிஎஸ்டி தணிக்கை என்றதும் முதலில் பயப்படுவது ஒரு கேள்விக்குத்தான்: "வாங்கின சரக்கு 100 டன், செய்த சரக்கு 94 டன். மீதி 6 டன் எங்கே?" உலைக்கு முன்னால் நின்றவனுக்கு இது கேள்வியே இல்லை. கணக்கு பார்க்கிற மேசையில் இது பெரிய கேள்வி. இதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 இல் தெளிவாகப் பதில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் பலர் தெரியாமலே பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பக்கம்.

அது என்ன தீர்ப்பு?

ஏஆர்எஸ் ஸ்டீல்ஸ் அண்ட் அலாய் இன்டர்நேஷனல் என்ற நிறுவனமும் வேறு சிலரும் மாநில வரி அலுவலரின் ஆணைகளை எதிர்த்துப் போட்ட வழக்குகள். 2021 ஜூன் 24 அன்று நீதிபதி அனிதா சுமந்த் தீர்ப்பளித்தார். இவர்கள் இரும்புக் கழிவை வாங்கி உருக்கி, பில்லெட், இன்காட் என்ற இரும்புக் கட்டிகள் செய்கிறவர்கள். உருக்கும்போது எடையில் ஒரு பங்கு குறைகிறது. மூலப்பொருள் வாங்கும்போது கொடுத்த வரியை, விற்பனைக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதுதான் இன்புட் வரவு, அதாவது ஐடிசி. குறைந்த அந்தப் பங்குக்கு எடுத்த ஐடிசியைத் திருப்பிக் கட்டச் சொன்னது வணிகவரித் துறை. உற்பத்தியின் இயல்பிலேயே வரும் குறைவுக்கு ஐடிசியைத் திருப்பச் சொல்லச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லி அந்த ஆணைகளை நீதிமன்றம் ரத்து செய்தது.

இதில் எவ்வளவு பணம் இருக்கிறது? சின்னத் தொகைதானே?

ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மாதம் 100 டன் இரும்புக் கழிவு, டன் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு மதிப்பு 40 லட்சம். 18 சதவீத வரி 7,20,000 ரூபாய். இந்த முழுத் தொகையையும் நீங்கள் ஐடிசியாக எடுத்திருக்கிறீர்கள். உருக்கில் 6 டன் குறைந்தது என்றால் அதற்கான வரி 43,200 ரூபாய். ஒரு மாதத்துக்கு இது. ஆண்டுக்கு 5,18,400. மூன்று ஆண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் 15 லட்சத்தைத் தாண்டும். அதன் மேல் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, அப்புறம் அபராதம்.

பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் பட்டறைக்கு இது சின்னத் தொகை இல்லை. அந்த வரியை விற்றவருக்கு ரொக்கமாகக் கொடுத்தும் ஆயிற்று. அதை மறுபடியும் கையிலிருந்து கட்டச் சொல்வதுதான் இங்கே பிரச்சினை.

அதிகாரி எந்தப் பிரிவைக் காட்டிக் கேட்கிறார்?

ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 17(5)(எச்). எந்தெந்தச் சரக்குக்கு ஐடிசி கிடையாது என்று பிரிவு 17(5) ஒரு பட்டியல் போடுகிறது. அதில் 'எச்' என்ற உட்பிரிவு சொல்வது இவ்வளவுதான்: தொலைந்துபோன, திருட்டுப்போன, அழிந்துபோன, கணக்கிலிருந்து தள்ளுபடி செய்த, அன்பளிப்பாகவோ இலவச மாதிரியாகவோ கொடுத்த சரக்குகள். இதில் 'தொலைந்த' என்பதைப் பிடித்துக்கொண்டு, உலையில் குறைந்ததும் தொலைந்ததுதானே என்பது துறையின் வாதம்.

நோட்டீஸ் கையில் வந்ததும் இந்தப் பிரிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வழக்கு எந்தப் பாதையில் போகும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

நீதிமன்றம் என்ன காரணம் சொன்னது?

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். பதில் எழுதும்போது உங்களுக்குக் கைகொடுக்கப் போவது இதுதான்.

'எச்' உட்பிரிவில் உள்ள நிலைமைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். திருட்டு வெளியிலிருந்து வருகிறது. தீயும் வெள்ளமும் அப்படியே. தள்ளுபடி, அன்பளிப்பு, மாதிரி எல்லாம் நீங்களாக முடிவு செய்வதோ, ஏதோ ஒரு நிர்ப்பந்தத்தால் செய்வதோ. எல்லாவற்றிலும் சரக்கு இவ்வளவு என்று எண்ணிச் சொல்ல முடியும். அது உற்பத்தியில் சேராமலே கையைவிட்டுப் போகிறது. நீதிமன்றமும் இப்படித்தான் பார்த்தது: அளவிடத்தக்க இழப்பு, வெளிக்காரணம் அல்லது கட்டாயம் ஆகியவற்றைத்தான் இந்தப் பிரிவு பேசுகிறது என்றது. உற்பத்திக்குள் நுகரப்பட்டு வரும் குறைவு அந்தச் செயல்முறையோடு பிறந்தது; அது இந்தப் பட்டியலில் சேராது என்றது.

இன்னொரு பக்கமிருந்தும் யோசியுங்கள். ஐடிசி எடுக்கும் உரிமை பிரிவு 16(1) இல் இருக்கிறது. தொழிலுக்காகப் பயன்படுத்திய, அல்லது பயன்படுத்த எண்ணிய சரக்குக்கு வரவு உண்டு என்கிறது அது. உலையில் போட்ட 100 டன்னும் பயன்படுத்தியதுதான். 94 டன்னை மட்டும் போட்டு 94 டன் எடுக்க எந்தக் கொல்லனாலும் முடியாது. 94 டன் வெளியே வருவதற்குத்தான் 100 டன் உள்ளே போயிற்று.

இதற்கு முன்னோடியாக நீதிமன்றம் எடுத்துக்கொண்டது, ரூபா அண்ட் கோ என்ற பின்னலாடை நிறுவனத்தின் வழக்கில் இதே உயர் நீதிமன்றம் 2015 இல் தந்த தீர்ப்பு. அது கலால் வரிக் காலத்து வழக்கு. முடிந்த பொருளுக்குள் 'அடங்கிய' மூலப்பொருளுக்கு மட்டும்தான் வரவு என்று துறை அப்போது சொன்னது. அந்தச் சொல்லை ஏட்டளவில் பார்க்கக் கூடாது, உற்பத்தி எப்படி நடக்கிறது என்பதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். ஆவியாதலோ துணைப்பொருளோ இல்லாத உற்பத்தி கிடையாது என்பதில் தகராறு இல்லையென்றால், உள்ளே போன மொத்தமும் அந்தப் பொருளின் மூலப்பொருள்தான் என்பது அவர்கள் கருத்து. கலால் போய் ஜிஎஸ்டி வந்த பிறகும் அந்த நியாயம் மாறவில்லை.

வாட் காலத்திலும் இந்தச் சண்டை இருந்ததே?

இருந்தது. 2007 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு மதிப்புக் கூட்டு வரிச் சட்டத்தின் பிரிவு 19(9) இல், உற்பத்தியின் இடைக்கட்டத்தில் அழிந்த மூலப்பொருளுக்கு வரவு இல்லை என்றே ஒரு வாசகம் இருந்தது. அதை வைத்து 'கண்ணுக்குத் தெரியாத இழப்பு' என்று பெயரிட்டு வார்ப்படப் பட்டறைகளிடம் ஐடிசியைத் திரும்பக் கேட்டார்கள். இன்டர்ஃபிட் டெக்னோ வழக்கில் 2015 இல் உயர் நீதிமன்றம் இதைப் பார்த்தது. ஒவ்வொரு ஆலையின் தன்மையையும் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே சதவீதம் போடுவதை அது ஏற்கவில்லை.

கவனியுங்கள், வாட் சட்டத்தில் இருந்த அந்த 'இடைக்கட்டத்தில் அழிந்த' என்ற வாசகம் ஜிஎஸ்டியின் 17(5)(எச்) இல் இல்லை. உங்கள் பதிலில் இதையும் ஒரு வரி எழுதலாம். 2017 ஜூலை 1க்கு முந்தைய வாட் ஆணை இன்னும் நிலுவையில் இருக்கிறவர்கள் மட்டும் பழைய பிரிவுப்படிதான் வாதாட வேண்டும். ஜிஎஸ்டி தீர்ப்பை அப்படியே கொண்டுபோய் ஒட்டாதீர்கள்.

சென்னையில் வந்த தீர்ப்பு மதுரைக்குச் செல்லுமா?

செல்லும். ஒத்தக்கடை பக்கம் மேலூர் சாலையில் இருக்கும் மதுரைக் கிளை வேறு நீதிமன்றம் இல்லை. 2004 ஜூலை 24 இல் தொடங்கிய அந்தக் கிளை சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு பகுதிதான். மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் போன்ற தென்மாவட்ட வழக்குகள் அங்கே நடக்கின்றன. தீர்ப்பு சென்னையில் உட்கார்ந்து எழுதப்பட்டதா, மதுரையில் எழுதப்பட்டதா என்பது முக்கியமில்லை. தமிழ்நாட்டுக்குள் இருக்கும் வரி அதிகாரிகளை அது கட்டுப்படுத்தும்.

எந்தத் தீர்ப்பையும் காட்டுவதற்கு முன், அது மேல்முறையீட்டில் மாறியிருக்கிறதா என்று அன்றைய தேதிக்கு உங்கள் வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் பதில் தாக்கல் செய்யவே கூடாது.

என் கோப்பு தங்கராஜ் சாலையில் இல்லை, பிபிகுளத்தில் இருக்கிறது. மத்திய அதிகாரிக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். டாக்டர் தங்கராஜ் சாலை வணிகவரி அலுவலகம் மாநில ஜிஎஸ்டியைப் பார்க்கிறது, பிபிகுளம் அலுவலகம் மத்திய ஜிஎஸ்டியைப் பார்க்கிறது. இரண்டு சட்டத்திலும் பிரிவு 17(5)(எச்) ஒரே வாசகம்தான். பிரிவு எண்கூட மாறவில்லை.

எத்தனை சதவீதம் வரை இயல்பான குறைவு என்று ஏற்பார்கள்?

சட்டத்தில் ஒரு எண் கிடையாது. தீர்ப்பிலும் இவ்வளவு சதவீதம் வரை சரி என்று கோடு போடவில்லை. போடவும் முடியாது. துருவேறிய தகரக் கழிவை உருக்கினால் குறைவது ஒரு அளவு, கனமான வெட்டுத்துண்டை உருக்கினால் வேறு அளவு. நூல் மில்லில் பஞ்சின் ஈரம் போவதும், தூசும் குப்பையும் ப்ளோ ரூமில் பிரிவதும் பருவத்துக்குப் பருவம் மாறும். மேலூர்ப் பக்கம் கிரானைட் அறுக்கிறவர்களுக்கு ரம்பத்தின் தடிமன் அளவுக்குக் கல் தூளாகிச் சேறாய்ப் போகிறது. ரப்பர் வார்ப்பில் அச்சின் விளிம்பில் பிதுங்கும் பிசிறை அறுத்து எறிந்துதான் ஆக வேண்டும். எவர்சில்வர் பாத்திரப் பட்டறையில் வட்டம் வெட்டின தகட்டின் மூலைகளும், பாலிஷில் பறக்கும் பொடியும் குறைவுதான்.

ஆகவே கேள்வி 'எத்தனை சதவீதம்' என்பதில்லை. உங்கள் தொழிலுக்கு இது இயல்பு என்று உங்கள் புத்தகமே காட்டுகிறதா என்பதுதான். மாதாமாதம் 5, 6, 5.5 என்று ஓடிக்கொண்டிருந்தது ஒரு மாதம் திடீரென 14 ஆனால் அதிகாரி கேட்பார். கேட்கவும் வேண்டும். அந்த மாதம் மட்டமான கழிவு வந்ததா, உலைச் சுவர் விரிசல் விட்டு ஒரு ஹீட் (ஒரு தடவை உருக்கியது) வீணானதா, ஏதோ ஒரு காரணம் எழுத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தீர்ப்பு உண்மையாகக் குறைந்ததைத்தான் காப்பாற்றும். பில் இல்லாமல் விற்ற சரக்கைச் சேதாரம் என்று எழுதினால், பிரிவு 35(6) இன்படி கணக்கில் வராத சரக்கை விற்றதாகவே எடுத்துக்கொண்டு வரி போடலாம். அப்போது கேட்பது ஐடிசி இல்லை, விற்பனை வரி. மோசடி என்று நோட்டீஸ் வந்தால் அபராதம் வரித்தொகை அளவுக்கே போகும். ஒருவர் அப்படிச் செய்வதால்தான் நேர்மையாகத் தொழில் செய்யும் அடுத்த பட்டறையின் குறைவையும் அதிகாரி சந்தேகத்தோடு பார்க்கிறார்.

எந்தெந்த இழப்புக்கு ஐடிசியைத் திருப்பித்தான் ஆக வேண்டும்?

குடோனில் தீப்பிடித்து மூலப்பொருள் எரிந்தால் திருப்ப வேண்டும். மழைநீர் புகுந்து பஞ்சுப் பொதி அழுகினால், லாரியிலிருந்து களவுபோனால், ஆண்டு முடிவில் ஸ்டாக் குறைகிறது என்று சும்மா தள்ளுபடி எழுதினால், எல்லாவற்றுக்கும் திருப்ப வேண்டும். காப்பீட்டுப் பணம் வந்தாலும் வராவிட்டாலும் அப்படித்தான். காப்பீடு கோரும்போது, திருப்பிய ஐடிசியையும் நஷ்டத்தில் சேர்த்துக் கேளுங்கள், பலர் மறந்துவிடுகிறார்கள். வியாபாரிக்கு இலவச மாதிரி கொடுத்தாலும் திருப்ப வேண்டும்.

கழிவை விற்கிறேன். அப்போது?

விற்கிற கழிவுக்கு வரி போட்டு பில் எழுதுங்கள். அதற்கு மேல் ஐடிசி திருப்ப வேண்டியதில்லை. இரும்புக் கழிவுக்கு 18 சதவீதம். 2024 அக்டோபர் 10 முதல் ஒரு மாற்றம் வந்திருக்கிறது: பதிவு இல்லாதவரிடம் பதிவு பெற்றவர் உலோகக் கழிவு வாங்கினால், வாங்குகிறவரே வரி கட்ட வேண்டும். தெருவில் சேகரித்து வந்து கொடுக்கிறவர்களிடம் கழிவு வாங்கும் உருக்குப் பட்டறைகள் இதை மறக்கக் கூடாது. கட்டிய வரியை ஐடிசியாக எடுத்துக்கொள்ளலாம்.

என்னென்ன புத்தகம் வைத்திருக்க வேண்டும்?

தீர்ப்பு உங்கள் பக்கம் இருந்தும் வழக்கு கைநழுவுவது பெரும்பாலும் இங்கேதான். ஜிஎஸ்டி விதி 56(12) உற்பத்தியாளர் எல்லாருக்கும் ஒரு கடமை வைத்திருக்கிறது: மாதாந்திர உற்பத்திக் கணக்கு. எவ்வளவு மூலப்பொருள் போட்டீர்கள், எவ்வளவு பொருள் வந்தது, எவ்வளவு கழிவு, எவ்வளவு துணைப்பொருள், எல்லாம் அளவோடு. விதி 56(2) ஸ்டாக் கணக்கைச் சொல்கிறது. அதில் கழிவும் தனியாக வர வேண்டும்.

இதற்குக் கணினி வேண்டும் என்பதில்லை. ஒரு நீள நோட்டு போதும். ஹீட்டுக்கு ஹீட், அல்லது ஷிப்டுக்கு ஷிப்டு எழுதுங்கள். தேதி, போட்ட எடை, வந்த எடை, கசடு எடை, விற்கத்தக்க கழிவு எடை, மீதிக் குறைவு. கடைசிக் கட்டத்தில் ஈபி மீட்டர் ரீடிங். இந்த ரீடிங்கைப் பலர் எழுதுவதில்லை. ஆனால் தணிக்கைக்கு வருகிறவர்கள் மின்சார யூனிட்டை வைத்துத்தான் உற்பத்தியை மதிப்பிடப் பார்ப்பார்கள். உங்கள் நோட்டிலும் அதே எண் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். வேபிரிட்ஜ் சீட்டைக் கொள்முதல் பில்லோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். மாதக் கடைசியில் கூட்டி, சதவீதம் போட்டு, பொறுப்பாளர் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பிருந்தால் ஒரு பொறியாளரிடம் உங்கள் உலையில் இவ்வளவு குறைவு இயல்பு என்று சான்று வாங்கி வைப்பதும் நல்லது.

கணக்கு எழுதுகிறவர் ஆண்டு முடிவில் மொத்தக் குறைவை 'ஸ்டாக் தள்ளுபடி' என்று ஒரே வரியில் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தள்ளுபடி என்ற சொல் 17(5)(எச்) இல் நேரடியாக இருக்கிறது. 'உற்பத்திச் சேதாரம்' என்று உற்பத்திக் கணக்கிலேயே மாதாமாதம் வரட்டும். இந்தப் பதிவேடுகளை ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மேல்முறையீடு ஓடிக்கொண்டிருந்தால் அது முடிந்து ஓராண்டு வரையும்.

நோட்டீஸ் வந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

எந்த நோட்டீஸ் என்று பாருங்கள். ஏஎஸ்எம்டி-10 என்றால் ரிட்டர்னில் முரண்பாடு இருப்பதாக விளக்கம் கேட்கிறார்கள்; ஏஎஸ்எம்டி-11 இல் பதில் போட வேண்டும். டிஆர்சி-01 என்றால் காரணம் கேட்கும் நோட்டீஸ். பதில் டிஆர்சி-06 இல். பதிலில் நாலு விஷயம் இருந்தால் போதும். உங்கள் உற்பத்தி எப்படி நடக்கிறது, எந்தக் கட்டத்தில் ஏன் குறைகிறது, மாதவாரியான குறைவு அட்டவணை, அப்புறம் 2021 தீர்ப்பும் அது 17(5)(எச்)க்குத் தந்த விளக்கமும். பதிவேட்டு நகலை இணையுங்கள்.

நேரில் விசாரணை வேண்டும் என்று பதிலிலேயே எழுதிக் கேளுங்கள். பிரிவு 75(4) இன்படி, நீங்கள் எழுத்தில் கேட்டால் கட்டாயம் தர வேண்டும். உங்களுக்குப் பாதகமாக முடிவெடுக்க நினைத்தால் கேட்காவிட்டாலும் தர வேண்டும். முடிந்தால் விசாரணைக்கு உற்பத்தி பார்க்கும் ஃபோர்மேனையும் கூட்டிப் போங்கள். உலையைத் தெரிந்தவர் சொல்வதில் இருக்கும் தெளிவு கணக்கர் சொல்வதில் வராது.

2023-24 வரையிலான ஆண்டுகளுக்குப் பிரிவு 73, 74 இல் நோட்டீஸ் வரும். 2024-25 முதல் 74ஏ என்ற ஒரே பிரிவு.

"சின்னத் தொகைதான், டிஆர்சி-03 இல் கட்டிவிடுங்கள்" என்கிறார்கள். கட்டிவிட்டால் தொல்லை தீருமா?

டிஆர்சி-03 என்பது நீங்களாக முன்வந்து கட்டுவதற்கான படிவம். உண்மையிலேயே தவறு இருந்தால் கட்டுங்கள், தாராளமாக. தவறு இல்லாதபோது கட்டினால் இரண்டு கெடுதல். ஒன்று, சேதாரத்துக்கு ஐடிசி கிடையாது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகப் பதிவாகும். அடுத்த ஆண்டுத் தணிக்கையில் போன தடவை கட்டினீர்களே என்பார்கள். இரண்டு, அதைத் திரும்ப வாங்குவது மிகவும் சிரமம்.

சோதனை நடக்கும்போதே வற்புறுத்திப் பணம் கட்ட வைக்கக் கூடாது என்று 2022 மே 25 இல் மத்திய வரி வாரியம் தன் அதிகாரிகளுக்கு எழுதியே கொடுத்திருக்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்று மரியாதையாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. தவிர்க்க முடியாமல் கட்ட நேர்ந்தால், எதிர்ப்போடு கட்டுவதாகக் கடிதம் கொடுத்து அதற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

நோட்டீஸையே நான் பார்க்கவில்லை. ஆணை வந்துவிட்டது. நேராக ஹைகோர்ட்டுக்குப் போகலாமா?

இது நிறையப் பேருக்கு நடக்கிறது. நோட்டீஸ் போர்ட்டலில் 'கூடுதல் நோட்டீஸ்கள், ஆணைகள்' என்ற தனிப் பகுதிக்குள் கிடக்கும். ரிட்டர்ன் போடுகிறவர் அந்தப் பக்கமே போகமாட்டார். வங்கிக் கணக்கு முடங்கும்போதுதான் முதலாளிக்குத் தெரியும். வாரம் ஒரு முறை அந்தப் பகுதியைத் திறந்து பார்க்க ஓர் ஆளுக்குப் பொறுப்பு கொடுங்கள்.

ஆணை வந்த பிறகு இயல்பான வழி பிரிவு 107 மேல்முறையீடு. ஆணை கிடைத்ததிலிருந்து மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால் இன்னும் ஒரு மாதம். அதற்கு மேல் மேல்முறையீட்டு அதிகாரியால் ஏற்க முடியாது. தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம் முன்வைப்பாகக் கட்ட வேண்டும். கட்டினால் மீதி வசூல் நின்றுவிடும்.

நேராக ரிட் போடுவது, அதாவது உயர் நீதிமன்றத்திலேயே மனு போடுவது, எல்லாருக்குமான வழி இல்லை. மேல்முறையீடு என்ற வழி இருக்கும்போது, இயற்கை நீதி மீறப்பட்டது (உங்கள் தரப்பைக் கேட்காமலே முடிவெடுத்தது), அதிகார வரம்பு மீறப்பட்டது போன்ற விதிவிலக்குகளில்தான் ரிட்டை ஏற்க வேண்டும் என்று கமர்ஷியல் ஸ்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 செப்டம்பரில் சொன்னது. மேல்முறையீட்டுக் காலத்தைத் தூங்கிக் கழித்துவிட்டு ரிட்டில் வருகிறவர்களுக்கு, கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் வழக்கில் 2020 மே மாதத்திலேயே அது கதவைச் சாத்திவிட்டது. விசாரணை கேட்டும் தரவில்லை, பதிலைப் படிக்காமலே ஆணை எழுதினார்கள், உயர் நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டியும் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால் ஒத்தக்கடை மதுரைக் கிளைக்குப் போக நியாயம் உண்டு. அப்போதும் நீதிமன்றம் பெரும்பாலும் கோப்பைத் திருப்பி அனுப்பி, புதிதாக விசாரிக்கச் சொல்லும். எப்படியும் மூன்று மாதக் கெடுவைத் தவற விடாதீர்கள்.

எனக்கு மூலப்பொருள் விற்றவர் அரசுக்கு வரி கட்டவில்லை. என் ஐடிசியை வெட்டுகிறார்கள். இதற்கும் தீர்ப்பு உண்டா?

இது வேறு சண்டை. ஆனால் மதுரைக் கிளையிலேயே வந்த தீர்ப்பு என்பதால் சொல்கிறேன். டி.ஒய். பீத்தல் என்டர்பிரைசஸ் வழக்கு, 2021 பிப்ரவரி 24, நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன். ரப்பர் ஷீட் வாங்கிய வியாபாரிகள் வங்கி வழியாக வரியோடு பணம் கொடுத்திருந்தார்கள். விற்றவர்கள் அதை அரசுக்குக் கட்டவில்லை. துறை விற்றவர்களை விட்டுவிட்டு வாங்கியவர்கள் மேல் பாய்ந்தது. விற்றவரை ஏன் விசாரிக்கவில்லை, அவரிடம் வசூலிக்க ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை என்று கேட்டு, ஆணையை ரத்து செய்து மறு விசாரணைக்கு அனுப்பினார் நீதிபதி.

இருந்தாலும் பிரிவு 16(2)(சி) புத்தகத்தில் அப்படியேதான் இருக்கிறது. வரி அரசுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் வரவு என்கிறது அது. ஆகவே விற்றவர்கள் காட்டிய பில்கள் வரும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலை மாதாமாதம் பார்த்து, பில் வராத விற்பனையாளருக்கு வரித்தொகையை நிறுத்தி வைத்துக் கொடுப்பதுதான் நல்லது. ஆனால் 180 நாளுக்குள் பணம் முழுவதையும் கொடுக்காவிட்டால் அதற்கான ஐடிசியைத் திருப்ப வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

வேலையை வெளியே கொடுத்து வாங்குகிறேன். அங்கே குறைந்தால்?

பாலிஷ், சாயம், முலாம் என்று ஜாப் ஒர்க்குக்கு அனுப்புகிறவர்களுக்குப் பிரிவு 143. டெலிவரி சலானில் அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்கு. குறைவோடு திரும்பும்போது ஜாப் ஒர்க்கரின் சலானிலேயே 'இவ்வளவு வந்தது, இவ்வளவு வேலையில் குறைந்தது, இவ்வளவு கழிவு' என்று எழுதி வாங்குங்கள். அந்த எண்தான் ஐடிசி-04 படிவத்திலும் போக வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் இயல்பான குறைவு என்று காட்டுவதில் சிரமம் இருக்காது.

தெற்காவணி மூல வீதியில் நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். எனக்கும் பொருந்துமா?

பதிவு பெற்று, தங்கம் வாங்கி, ஐடிசி எடுத்து நகை செய்து விற்கிறவர் என்றால் இதே வாதம் உங்களுக்கும் உண்டு. தங்கத்துக்கு வரி 3 சதவீதம்தான், குறைவும் கிராம் கணக்குதான். ஆனால் சரக்கின் விலை ஒவ்வொரு மில்லிகிராமையும் பெரிதாக்கிவிடுகிறது. கவனமாக ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். வாடிக்கையாளரிடம் பில்லில் வாங்கும் சேதாரம் வேறு; உங்கள் பட்டறையில் உண்மையாகப் போன எடை வேறு. பில்லில் 10 சதவீதம் சேதாரம் போட்டீர்கள் என்பதற்காக 10 சதவீதத் தங்கம் பட்டறையில் போயிற்று என்று கணக்கு எழுத முடியாது. அராவின தூளையும் பட்டறைக் கழிவையும் சேர்த்து உருக்கித் திரும்ப எடுத்த தங்கம் கணக்கில் வரவாக வர வேண்டும்.

நான் அப்பளம் போடுகிறேன். இதெல்லாம் எனக்கு எதற்கு?

உங்களுக்குத் தேவையில்லை. அப்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. விற்பனைக்கு வரி இல்லாததால் உளுந்து மாவுக்கோ பேக்கிங் பைக்கோ கட்டிய வரியை ஐடிசியாக எடுக்கவும் முடியாது. எடுக்காத வரவைத் திருப்பச் சொல்ல யாராலும் முடியாது.

1.5 கோடிக்குள் விற்பனை வைத்து, காம்போசிஷனில், அதாவது ஐடிசி எடுக்காமல் விற்பனையில் ஒரே வீதத்தில் வரி கட்டும் திட்டத்தில், 1 சதவீதம் கட்டுகிற உற்பத்தியாளருக்கும் இதே பதில்தான். ஆனால் காம்போசிஷனை விட்டு வழக்கமான பதிவுக்கு மாறுகிற அன்று, கையில் இருக்கும் ஸ்டாக்குக்கு ஐடிசி எடுக்கலாம். மாறின நாளிலிருந்தே அந்த நீள நோட்டைத் தொடங்கிவிடுங்கள்.